ஒல்லி விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டுமா?

2011 டிசம்பர். பெர்லினில் ஏறியவர்கள் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்தில் இறங்க வேண்டும். சாப்பாடு முடிந்துவிட்டது. இரண்டு படம் பார்த்தாகிவிட்டது. கால் மரத்துப்போய், 'இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று நிமிர்ந்து உட்காரும் வேளையில் விமானியின் குரல் வருகிறது. எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிட பலமாக இருக்கிறதாம். எரிபொருள் நிரப்ப வழியில் இறங்கப் போகிறோமாம். இறங்கும் இடம், கேண்டர்.

கேண்டரா? அது எங்கே இருக்கிறது?

கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூஃபவுண்ட்லாந்து தீவில், சுமார் பன்னிரண்டாயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். அந்தக் குளிர்காலத்தில் கேண்டர் போன்ற ஊர்களை விமான ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் நிறைய பேர். அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் அந்த ஒரு மாதத்தில் போயிங் 757 ரக விமானங்களை ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 1,100 தடவை ஓட்டியது. அதில் 43 தடவை, நடுவழியில் எரிபொருளுக்காக இறங்க வேண்டியதாயிற்று. முந்தைய ஆண்டு அதே மாதம் இந்த எண்ணிக்கை வெறும் 12.

போயிங் 757 ஓர் 'ஒல்லி' விமானம். நடுவில் ஒரே ஒரு நடைவழி. அந்தப் பக்கம் மூன்று சீட், இந்தப் பக்கம் மூன்று சீட். சென்னையிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ போகும்போது நீங்கள் ஏறுவீர்களே, அந்த ஏ320, போயிங் 737 எல்லாம் இந்த ஜாதிதான். 'நேரோ பாடி' என்பார்கள். இரண்டு நடைவழிகளோடு அகலமாக இருக்கும் 777, 787, ஏ350 போன்றவை 'வைட் பாடி'.

கடல் தாண்ட வேண்டுமென்றால் குண்டு விமானம், உள்ளூருக்கு ஒல்லி விமானம் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது அட்லாண்டிக் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தால், விமானத்தின் பெயர் இருக்கும் இடத்தில் 'ஏ321' என்று வருகிறது. பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. 'இது தாங்குமா? நடுக்கடலில் எரிபொருள் தீர்ந்துபோனால்?'

ஜெட் பயணத்தைத் தொடங்கியதே ஒல்லிகள்தான்

முதலில் ஒரு பழைய கதை. 1958 அக்டோபர் 26-ம் தேதி பான் அம் நிறுவனத்தின் போயிங் 707, நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறந்தது. அமெரிக்க ஜெட் விமானம் ஒன்று பயணிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டும் சேவையின் தொடக்கம் அது. அந்த 707-ல் எத்தனை நடைவழி? ஒன்றுதான். அதுவும் வழியில் எரிபொருளுக்காக இறங்கித்தான் போனது. எங்கே என்று கேட்காதீர்கள்... அதே கேண்டரில்தான்!

இரண்டு நடைவழி விமானம் என்ற ஒன்று பயணிகளுக்குக் கிடைத்தது 1970 ஜனவரியில், 747 வந்த பிறகுதான். அதுவரை அட்லாண்டிக்கைத் தாண்டிய அத்தனை ஜெட் விமானங்களும் ஒல்லிதான். இன்னொரு வேடிக்கை தெரியுமா? 707-ன் உடல் அகலமும் இன்று ஓடும் 737-ன் உடல் அகலமும் ஒன்றே. போயிங் நிறுவனம் அந்த அளவை மாற்றவே இல்லை. உங்கள் தாத்தா காலத்தில் பெரும் பணக்காரர்கள் பெருமையோடு பாரிஸ் போன அதே அகலத்தில்தான் இன்று நாம் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறோம்.

ஆக, அகலத்துக்கும் தூரத்துக்கும் சம்பந்தம் இல்லை. பிறகு எதுதான் தடையாக இருந்தது? இன்ஜின் எண்ணிக்கை. 707-க்கு நான்கு இன்ஜின். பின்னால் வந்த 737, 757, ஏ320 எல்லாவற்றுக்கும் இரண்டே இரண்டு. ஒன்று நின்றுபோனால் மிச்சம் ஒன்றுதான். அதனால் இரட்டை இன்ஜின் விமானங்கள், ஒற்றை இன்ஜினோடு ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் எப்போதும் அருகில் இருக்கும் பாதையில்தான் பறக்க வேண்டும் என்று 1950-களிலேயே அமெரிக்கா விதி வைத்திருந்தது. நடுக்கடலில் விமான நிலையத்துக்கு எங்கே போவது?

இன்ஜின்களின் தரம் ஏறிக்கொண்டே போக, 1985-ல் அந்த ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாக நீட்டப்பட்டது. பிறகு மூன்று மணி நேரம் வரைக்கும் போனது. இந்த அனுமதிக்கு 'ஈடாப்ஸ்' என்று பெயர். விமானத் துறையில் இந்தச் சுருக்கத்துக்குக் குறும்பாக இன்னொரு விரிவும் சொல்வார்கள்: 'இன்ஜின் சுற்றணும், இல்லேன்னா பயணி நீந்தணும்!' சிரிப்புக்குச் சொல்வதுதான். எல்லா விமானத்துக்கும் எல்லா நிறுவனத்துக்கும் இந்த அனுமதி தானாகக் கிடைத்துவிடாது. இன்ஜினின் கடந்தகால வரலாறு, நிறுவனத்தின் பராமரிப்பு முறை, விமானிகளின் பயிற்சி எல்லாவற்றையும் பார்த்துத்தான் தருவார்கள்.

போவது சுலபம், வருவதுதான் பரீட்சை

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. எரிபொருள் போதுமா?

கிராமத்தில் மாட்டு வண்டியில் தொலைதூரம் போகிறவர் மாட்டுக்கான தீவனத்தையும் வண்டியிலேயே ஏற்றிக்கொள்வார். தூரம் அதிகமானால் தீவனம் அதிகம். தீவனம் அதிகமானால் பாரம் அதிகம். பாரம் அதிகமானால் மாடு இன்னும் அதிகம் தின்னும். விமானத்துக்கும் இதே கணக்குதான். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். ஒரு விமானம் இத்தனை டன்னுக்கு மேல் எடையோடு கிளம்பக் கூடாது என்று உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் பயணிகள், பெட்டிகள், எரிபொருள் மூன்றும் அடங்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும்.

நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். சென்னை - டெல்லி தூரத்தைப் போல மூன்று மடங்குக்கும் சற்று அதிகம். காற்றே இல்லாவிட்டால் இரு பக்கமும் ஒரே கணக்கு. ஆனால் அட்லாண்டிக்குக்கு மேலே 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் அதற்கு வெறி பிடித்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர், வழி நெடுகக் காற்று 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். 980 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். வேகம் 680. எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதே விமானம், அதே தூரம். இரண்டரை மணி நேர எரிபொருள் கூடுதலாக வேண்டும்!

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 2020 பிப்ரவரியில் பிரிட்டனைப் புயல் தாக்கிய வார இறுதியில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. எல்லாம் முதுகுக் காற்றின் உபயம். அதே நாளில் எதிர்த்திசையில் கிளம்பியவர்களின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பெர்லின் - நியூவார்க் 757-க்கு நடந்ததும் இதுதான். சுமார் 6,400 கிலோமீட்டர். விமானத்தின் திறனுக்குள் அடங்கும் தூரம்தான், ஆனால் விளிம்பில். சாதாரண நாளில் போய்ச் சேர்ந்துவிடும். காற்று மூர்க்கமானால், சேமிப்பு எரிபொருளில் கை வைக்கும் நிலை வரும் முன்பே விமானி இறங்கிவிடுவார்.

அந்தச் சேமிப்பு எரிபொருள்தான் நம் வயிற்றுக் கலக்கத்துக்கு மருந்து. பயணத்துக்குத் தேவையான எரிபொருளை மட்டும் நிரப்பிக்கொண்டு எந்த விமானமும் கிளம்ப முடியாது. கணக்குத் தவறினால் சமாளிக்கக் கொஞ்சம், இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் போகக் கொஞ்சம், அதற்கும் மேல் முப்பது நிமிடம் வட்டமடிக்கக் கொஞ்சம் என்று எல்லாம் சட்டப்படி இருந்தாக வேண்டும். விமானம் கேண்டரில் இறங்குகிறது என்றால் எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தீராமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

'என்ன இருந்தாலும் பெரிய விமானம்தான் பத்திரம்' என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2001 ஆகஸ்டில் கனடாவின் டொரான்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் விமானத்தில் நடு அட்லாண்டிக்கில் எரிபொருள் கசிந்து, இரண்டு இன்ஜினும் நின்றுபோயின. சுமார் 19 நிமிடம் கிளைடர் போல மிதந்தே வந்து அஸோர்ஸ் தீவில் இறக்கினார்கள். 306 பேரும் பிழைத்தார்கள். அது ஏ330, இரண்டு நடைவழி கொண்ட பெரிய விமானம்! கசிவுக்குக் காரணம் இன்ஜின் பராமரிப்பில் நடந்த பிழை. உடல் பெரிதா சிறிதா என்று அது பார்க்கவில்லை.

32 பேருக்கு ஒரு விமானம்

ஒல்லிகளிலேயே குட்டி, ஏ318. ஏர்பஸ் குடும்பத்தின் கடைக்குட்டி. நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்த விமானத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வெறும் 32 சீட் போட்டது. எல்லாமே படுக்கையாக விரியும் பிசினஸ் கிளாஸ். 2009 செப்டம்பரில் லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு விட்டார்கள். கான்கார்டு விமானத்துக்கு இருந்த 'பிஏ 001' என்ற கௌரவமான எண்ணையே இதற்கும் கொடுத்தார்கள். வங்கிக்காரர்கள் அலுவலகத்திலிருந்து இறங்கி, சிறிது நேரத்தில் விமானம் ஏறிவிடலாம்.

இதில் ஒரு சிக்கல். லண்டன் சிட்டியின் ஓடுபாதை ஒன்றரை கிலோமீட்டர்தான். முழு எரிபொருளோடு அங்கிருந்து எழும்ப முடியாது. எனவே குறைந்த எரிபொருளோடு கிளம்பி, அயர்லாந்தின் ஷானனில் இறங்கி, நிரப்பிக்கொண்டு போனது. அந்த நேரத்தை வீணாக்காமல் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிட்டார்கள்; நியூயார்க்கில் இறங்கியதும் உள்ளூர்ப் பயணிபோல நேராக வெளியே நடக்கலாம். குறையையே வசதியாக மாற்றிய சாமர்த்தியம் என்று இதை நான் ரசிப்பேன். திரும்பி வரும்போது நியூயார்க்கின் நீளமான ஓடுபாதை, முதுகுக் காற்று இரண்டும் துணை. எங்கும் நிற்காமல் லண்டன். கொரோனா வந்த 2020-ல் இந்தச் சேவை முடிந்துபோனது.

குட்டி விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டும். 32 பேரோடு தாண்டும். ஆனால் அந்த 32 பேரும் பெரும் தொகை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். நூறு பேரை ஏற்றினால் கட்டணம் குறையும், தூரமும் குறைந்துவிடும்.

பெல்ஃபாஸ்ட்டின் கதை

இத்தனை சிரமப்பட்டு ஒல்லி விமானத்தை ஏன் கடல்மேல் விட வேண்டும்? பேசாமல் பெரிய விமானத்தையே விடலாமே?

பெல்ஃபாஸ்ட் போன்ற ஊர்களைக் கேட்டால் பதில் தெரியும். வட அயர்லாந்தின் தலைநகர். அமெரிக்காவில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் ஏராளம். ஆனால் தினமும் முந்நூறு பேர் நியூயார்க் போவார்களா என்றால், மாட்டார்கள். நூற்றைம்பது பேர் போகலாம். முந்நூறு சீட் விமானத்தை விட்டால் பாதி காலி. 757 என்றால் கணக்கு சரியாக வரும். அப்படித்தான் 2005-ல் நியூவார்க்கிலிருந்து நேரடி சேவை வந்தது. பிரிஸ்டல் போன்ற பல நடுத்தர ஊர்களுக்கும் இந்த 757-தான் அமெரிக்காவைக் கொண்டுவந்தது.

பெல்ஃபாஸ்ட் சேவையை நிறுத்தப் போவதாக 2016-ல் யுனைடெட் சொன்னபோது, வட அயர்லாந்து அரசே 90 லட்சம் பவுண்டு தரத் தயாரானது. ஒரு விமானத்தைத் தக்கவைக்க ஓர் அரசாங்கம் இப்படிப் பணத்தோடு நிற்பது சாதாரண விஷயமா? ஆனால் அரசு உதவி தொடர்பான விதிகளுக்கு இது முரணானது என்று ஐரோப்பிய ஆணையம் சொல்லிவிட்டது. 2017 ஜனவரியோடு சேவை நின்றது.

அந்த ஆண்டே நார்வீஜியன் என்ற மலிவுக் கட்டண நிறுவனம் வந்தது. ஒல்லி 737-களை வைத்துக்கொண்டு எடின்பரோ, டப்ளின், ஷானன், கார்க், பெல்ஃபாஸ்ட் ஆகிய ஊர்களிலிருந்து அமெரிக்காவின் சிறிய விமான நிலையங்களுக்குப் பறந்தது. ஆரம்பக் கட்டணம் ஒரு வழிக்கு 69 பவுண்டு! ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் நீடிக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் சேவை 2018-லேயே நின்றது. அதன் பிறகு இந்தோனேசியாவிலும் எத்தியோப்பியாவிலும் அடுத்தடுத்து இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். 2019 மார்ச்சில் உலகம் முழுவதும் மேக்ஸ் தரையிறக்கப்பட்டது. கோளாறு கட்டுப்பாட்டு மென்பொருளில். கடல் தாண்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் விமானமே இல்லாமல் நார்வீஜியன் என்ன செய்யும்? அதே ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்திலிருந்து கடையைக் கட்டியது.

பெரிய ஊர்க்காரர்களுக்கு இந்த வலி புரியாது. நேரடி விமானம் போய்விட்டால், பெட்டிகளோடு டப்ளினுக்குப் பஸ் ஏற வேண்டும். அல்லது லண்டன் போய் மாற வேண்டும். கைக்குழந்தையோடும் முதிய பெற்றோரோடும் இதைச் செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள்.

தொட்டியைச் செதுக்கினார்கள்

757-ன் தயாரிப்பை போயிங் 2004-ல் நிறுத்திவிட்டது. அதற்குச் சரியான மாற்றையும் தரவில்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது ஏர்பஸ். ஏ321-ல் புது இன்ஜின், பெட்டிகள் வைக்கும் கீழ்த்தளத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் எனச் சேர்த்து, 7,400 கிலோமீட்டர் போகும் 'எல்ஆர்' ரகத்தை 2018-ல் கொடுத்தது. நியூயார்க் - லண்டன் வழித்தடத்தில் ஜெட்புளூ நிறுவனம் 2021-ல் விட்டது இதைத்தான்.

அடுத்து வந்தது 'எக்ஸ்எல்ஆர்'. தனித்தனித் தொட்டிகளை வைப்பதற்குப் பதிலாக, விமானத்தின் அடிவயிற்றின் வடிவத்துக்கே பொருந்தும்படி 12,900 லிட்டர் கொள்ளும் ஒரே தொட்டியைச் செதுக்கிவிட்டார்கள். இடம் மிச்சம், கொள்ளளவு அதிகம். ஏர்பஸ் சொல்லும் தூரம் 8,700 கிலோமீட்டர். அதுவும் விளம்பரத் தூரம்தான்; எதிர்க்காற்றையும் நிறைந்த விமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் குறையும். பெர்லின் - நியூவார்க் போன்ற பாதைக்கு அப்படியும் மிச்சம் இருக்கும்.

இந்தத் தொட்டி சும்மா அனுமதி வாங்கவில்லை. சக்கரம் இறங்காமல் விமானம் வயிற்றால் தரையில் உரசி இறங்கினால் என்ன ஆகும், கீழே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் வெளியேற அவகாசம் கிடைக்குமா என்று ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு குடைந்து கேட்டது. போட்டியாளரான போயிங்கும் சந்தேகம் கிளப்பியது. ஏர்பஸ் அடிப்பகுதியை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. 2023-ல் வர வேண்டிய விமானம் 2024-ல்தான் வந்தது. தாமதமானாலும் அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டதே நமக்கு நல்லது. 2024 நவம்பர் 14-ம் தேதி ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனம் 182 சீட்டோடு மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு முதல் எக்ஸ்எல்ஆரைப் பறக்கவிட்டது. நம் இண்டிகோவும் இந்த ரகத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. அது வேறு கடல், வேறு கதை.

உட்கார்ந்து போக முடியுமா?

முடியும். சீட்டைப் பொறுத்தவரை ஓர் ஆச்சரியமே இருக்கிறது. ஏர்பஸ் ஒல்லி விமானத்தின் எகானமி சீட், வரிசைக்கு ஒன்பது சீட் போட்ட 787-ன் எகானமி சீட்டைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் அகலம் அதிகம். தொல்லை வேறு இடத்தில். சாப்பாட்டு வண்டி வந்தால் நடைவழி அடைபட்டுப்போகும். கழிப்பறைக்குக் கிளம்பியவர் வண்டிக்குப் பின்னால் ஊர்வலம் போக வேண்டும். கால் நீட்டி ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம் என்றால் சுற்றி வர வழியில்லை. போன வழியே திரும்ப வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நடைவழியோர சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து மேற்கே போகிறீர்கள், அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும் என்றால், இடையில் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். மூன்று மணி நேரமாவது விடுங்கள். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அப்புறம் வழியில் கேண்டரில் இறங்கினாலும் பதறாமல் ஜன்னலோரம் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.